பண்டிதரும் பஞ்சரும்

மூன்றாம் வேற்றுமையை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பன அதன் பொருள்கள். அவற்றுள் கருத்தா இருவகைப்படும். ஒரு தொழிலைப் பிறரைக் கொண்டு செய்விப்பவன் ஏவுதற் கருத்தா. தன் கையாலே செய்பவன் இயற்றுதற் கருத்தா. ஒரு கோயிலை அரசன் கட்டினான் என்றும் சொல்லலாம். தச்சன் கட்டினான் என்றும் சொல்லலாம். இரண்டையும் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அரசன் கையில் ஒரு துளி சுண்ணாம்பாவது ஒட்டியதா என்று அது விசாரிப்பதில்லை. நானும் விசாரித்ததில்லை. 2022ஆம் ஆண்டின் ஒரு விடியற்காலையில், கற்பிட்டித் தெருவில், பரீட்சைக்குப் போகும் பிள்ளையொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்றிறங்கிய மோட்டார் சைக்கிளைப் பார்த்து நின்றபோதுதான் அந்த விசாரணை எனக்குள் எழுந்தது.

எங்கள் குடாநாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவைப் பாலாவிச் சந்தியில் விட்டுப் பிரிகிறது கற்பிட்டித் தெரு. நுரைச்சோலை, மாம்புரி, ஏத்தாலை என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு, ஒல்லாந்தர் கட்டிய கோட்டை நிற்கும் கற்பிட்டியில் அது முடிகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையில் மணல். தார்த் தெருவை விட்டு இறங்கினால் மணல் ஒழுங்கைகள். அவற்றின் இருமருங்கும் முள்வேலிகள். இங்கே மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. மீன் பெட்டி அதில் போகிறது. வெங்காய மூட்டை அதில் போகிறது. காய்ச்சல்காரன் ஆஸ்பத்திரிக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், ஆசிரியைகள் பட்டணத்திலிருந்து எங்கள் ஊர்களுக்கும் அதிலேதான் போகவும் வரவும் வேண்டியிருக்கிறது. உடை முள் ஒன்று தைத்தால் ஒரு வீட்டின் அன்றைய நாள் நின்றுவிடும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் அந்தத் தடை தளரும்வரை, கையிலிருந்த பழைய வண்டியைக் காப்பாற்றுவதே எல்லாருடைய கவலையுமாக இருந்தது. இடையில் வந்தது 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சம். எரிபொருள் நிலையங்களின் முன்னே வரிசைகள் கிடந்த கிடையை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு மே மாதம் 23ஆம் திகதி, முந்திய ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை ஆரம்பமானது.

தமிழ்ப் பாடத்துக்குரிய நாளின் முன்னிரவில் என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் வந்தார். கடற்றொழிலாளி. மண்ணெண்ணெய் இல்லாமல் அவருடைய படகு கரையில் கிடந்தது. "சேர், நாளைக்குப் பஸ்ஸை நம்ப ஏலாது. பிள்ளையைக் கொண்டுபோய் விடுவீங்களா?" என்றார். பெற்றோலை அளந்து பார்த்து ஒப்புக்கொண்டேன்.

பாதி வழியில் பின்சில்லு ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தேன். டயர் தரையோடு தரையாக இருந்தது. 'பஞ்சர்' என்னும் சொல் ஆங்கிலத்தின் வழியே இலத்தீனிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. சற்றுத் தூரத்தில் இருந்த டயர் கடை பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் பெற்றோல் வரிசையில் நிற்கிறார் என்றார்கள். தெருவில் வேறு வாகனமும் இல்லை. பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், நான் காணாதபடி கையை மறைப்பதுமாக நின்றாள். அவள் ஒரு வார்த்தை கடிந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது மீன் பெட்டி கட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வியாபாரி இறங்கினார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு சாக்குச் சுருளை எடுத்து விரித்தார். இரண்டு இரும்பு நெம்புகள், இரண்டு சாவிகள், ஒட்டுத்துண்டு, பசைக்குழாய், காற்றடிக்கும் பம்பு: அவ்வளவுதான். அரைமணி நேரத்துக்குள் சில்லு கழன்றது, ஒட்டப்பட்டது, மீண்டும் பூட்டப்பட்டது. "எங்கே தம்பி படித்தீர்கள்?" என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் கடை தேடிப் போனா மீன் நாறிப் போகும் சேர்" என்றார். காசு நீட்டினேன், பிள்ளையைக் காட்டி, "முதல்ல அதைக் கொண்டுபோய் விடுங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

பிந்திச் சென்றோம். மண்டபத்துள் அவளை அனுமதித்தார்கள். ஆனால் ஒரு வினாவுக்கு விடையெழுத நேரம் போதவில்லை. நான் 'ஏ' எதிர்பார்த்த இடத்தில் 'பி' வந்தது. மூன்றாம் வேற்றுமையைக் கற்பித்த ஆசிரியன், கருவியைக் கையில் எடுக்கத் தெரியாமையால், தன் மாணவியின் தமிழிலே ஒரு வினாவைத் தொலைத்தான். இதை எழுத எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. எனினும் எழுதாமல் விடுவது அதனினும் வெட்கம்.

அவ்வாரமே டயர் கடைத் தம்பியிடம் போய், கற்றுத் தரும்படி கேட்டேன். அவர் முதலில் சிரித்தார்; பிறகு கற்பித்தார். இரண்டு டயர் நெம்புகள், அச்சாணி நட்டுக்குப் பொருந்தும் சாவிகள், வால்வின் உள்ளூசியைக் கழற்றும் சிறு சாவி, அரத்தாள், ஒட்டுத்துண்டுகளும் பசையும், காலால் அழுத்தும் பம்பு ஆகியவற்றை வாங்கினேன். எல்லாவற்றுக்குமாகக் கொடுத்த பணம், கடையில் சில தடவை சில்லுக் கழற்றிப் பூட்டக் கொடுத்த கூலிக்கு மேற்படவில்லை.

செய்முறையை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். டியூப் உள்ள டயரையே இங்கே சொல்கிறேன். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லைக் கழற்றிக் கீழே சாக்கில் கிடத்த வேண்டும். வால்வின் உள்ளூசியை எடுத்துக் காற்றை முற்றாக இறக்கி, வால்வைப் பற்றியிருக்கும் சிறு நட்டையும் கழற்ற வேண்டும். டயரின் ஓரம் ரிம்மோடு இறுகிப் பிடித்திருக்கும். அதைப் பிரிப்பதற்குக் கடைகளில் இயந்திரம் உண்டு. வீட்டில் அயலவரின் மோட்டார் சைக்கிள் போதும். அதன் பக்க ஸ்டாண்டின் பாதத்தை டயரின் ஓரத்தில், ரிம்மில் படாமல் வைத்து, வண்டியை மெல்லச் சாய்த்தால் அதன் பாரத்தால் ஓரம் விட்டுக்கொடுக்கும். இந்த உபாயத்துக்குச் செலவு, அயலவரோடு முகம் கொடுத்துப் பேசுவது ஒன்றே.

அடுத்ததுதான் சூட்சுமம். டயரின் ஓரத்துக்குள் உருக்குக் கம்பி வளையம் உண்டு. அது நீளாது. எவ்வளவு பலம் கொடுத்து இழுத்தாலும் ரிம்மின் விளிம்பைத் தாண்டி வராது. ஆனால் ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. வால்வுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துள் இறக்கினால், வால்வுப் பக்கத்தில் கம்பி சற்றே தளரும். அந்தத் தளர்ச்சியில் நெம்பைச் செலுத்தி, சிறிது சிறிதாக ஓரத்தை வெளியே எடுக்கலாம். பள்ளத்தை அறியாதவன் வியர்ப்பான். அறிந்தவன் விரலால் எடுப்பான். முதல் நாள் நான் வியர்த்தேன்.

நெம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான நூல்களில் எத்தனம், சுமை, பொறுதி என்று அழகான தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். பன்னிரண்டு அங்குல நெம்பு ஒன்றில், நுனியிலிருந்து ஓரங்குலத் தூரத்தில் பொறுதி அமைந்தால், கையின் வலு மறுநுனியில் பதினொரு மடங்காகிறது. ரிம்மின் விளிம்பே அங்கே பொறுதி. இதை என் உள்ளங்கை உணர்ந்த அன்றுதான் 'பொறுதி' என்ற சொல்லின் பொருத்தம் எனக்கு விளங்கிற்று. சுமையையும் எத்தனத்தையும் ஒருங்கே பொறுத்துக்கொண்டிருப்பது அதுதான்.

டியூபைச் சிறிது காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். ஒட்டுவதற்கு முன், டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்து முள்ளைக் கண்டெடுக்க வேண்டும். முள் கிடக்க ஒட்டுவது, நோய்முதல் நாடாமல் மருந்து கட்டுவது போன்றது. துளையைச் சுற்றி அரத்தாளால் உரைத்து, பசை பூசி, அது ஈரம் வற்றும்வரை பொறுத்திருந்து ஒட்ட வேண்டும். டயரை மீண்டும் ஏற்றும்போது ஓரத்துக்குச் சவர்க்கார நீர் தடவலாம். கிறீசும் எஞ்சின் எண்ணெயும் கூடா. அவை இறப்பரைக் கெடுக்கும். புது டயராயின் பக்கத்திலுள்ள அம்புக்குறி சுழலும் திசையை நோக்க வேண்டும். டியூபுள் சிறிது காற்றிருந்தால் நெம்பில் அகப்படாது. எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வண்டை முடிக்க வேண்டும். முதல் மூன்று முறையும் டியூபை நானே நெம்பால் கடித்து, ஒரு முள் செய்த ஓட்டைக்குப் பதிலாக இரண்டு ஓட்டைகளை உண்டாக்கினேன் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

எங்கள் கரைக்குரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. உப்புக் காற்று அச்சாணியையும் ரிம்மின் உட்புறத்தையும் அரிக்கிறது. ஆண்டுக்கணக்காகக் கழற்றாத அச்சாணி, அவசரத்தில் அசையாது. அவ்வப்போது கழற்றித் துடைத்து, அச்சாணிக்குக் கிறீசு பூசி வைப்பவன் வழியில் தவிக்கமாட்டான். உள்ளே துருப்பிடித்த ரிம் டியூபை முள்ளைப் போலவே குத்தும்.

இதெல்லாம் தொழிலாளர்க்குரிய வித்தை, நமக்கேன் என்பார்க்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1888இல் பெல்பாஸ்ற் நகரத்தில் தம் மகனின் மூன்று சில்லு வண்டி அதிராமல் ஓட வேண்டுமென்று காற்றடைத்த டயரை அமைத்தவர் டன்லொப். அவர் ஒரு மிருக வைத்தியர். அந்த டயர் சில்லோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சரானால் பிரித்துத் திருத்த மணிக்கணக்காகும். பசை உலர ஓர் இரவு செல்லும். பிரான்சிலே மிச்சலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்குச் சைக்கிளோட்டி ஒருவர் அப்படியொரு பஞ்சரோடு வந்து சேர்ந்தார். அவர் பட்ட பாட்டைக் கண்ட சகோதரர்கள், வழிப்போக்கன் தானே கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891இல் உருவாக்கினார்கள். அவ்வாண்டே பாரிஸிலிருந்து பிறெஸ்ற் வரை சென்று திரும்பும் நெடும்போட்டியில், அந்த டயரில் ஓடிய சார்ள் தெரோன் வென்றார். அதற்கு முந்திய ஆண்டு, 1890இல், கம்பி ஓரத்தையும் நடுப்பள்ளம் உள்ள ரிம்மையும் வெல்ச் என்னும் ஆங்கிலேயர் அமைத்து உரிமைப்பத்திரம் பெற்றிருந்தார். என் முழங்காலின் கீழே இருந்த பள்ளம் அவர் தந்தது.

டயர் கழலக்கூடியதாய் அமைந்தது தற்செயலன்று. உடையவன் வழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே சிலர் மூளையைச் செலவிட்டு அதைக் கழலும்படி செய்தார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் கைக்காகவே காத்திருக்கும் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பாராமல், நாம் தெருவோரத்தில் நின்று தொலைபேசியில் ஆளைத் தேடுகிறோம்.

இறப்பரும் நமக்கு அந்நியமானதன்று. 1876இல் பிறேசிலிலிருந்து விதையாக இலண்டன் சென்று, அங்கே முளைத்த நாற்றுகள், அவ்வாண்டே இலங்கைக்கு வந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. எங்கள் புத்தளத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் வழியிலிருந்து அதிக தூரமில்லாத இடம் அது. இன்று பாரந்தூக்கி வாகனங்களுக்குரிய திண்ம டயர்களை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் நம் நாடு முன்வரிசையில் நிற்கிறது. மரம் நம்முடையது, பால் எடுப்பவரும் டயர் வார்ப்பவரும் நம்மவர். அதைக் கழற்றுவதற்கு மட்டும் படித்தவன் கை நீளாது என்றால், குறை எங்கே இருக்கிறது?

குறை நம் கல்வியில் இருக்கிறது. எண்ணையும் எழுத்தையும் உயர்த்திய நாம், கையைத் தாழ்த்திவிட்டோம். நான் முற்றத்தில் டயர் கழற்றிய முதல் நாளில் அயலவர் ஒருவர், "பண்டிதர் ஐயா, உங்களுக்கேன் இந்த வேலை?" என்று மெய்யான இரக்கத்தோடு கேட்டார். அந்த இரக்கமே நோய். வேட்டியில் கறை படுவதை அவர் கண்டார். வழியில் நின்ற பிள்ளையை அவர் காணவில்லை.

எங்கள் கரையிலேயே வேறொரு மரபும் வாழ்கிறது. உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். வலை கிழிந்தால் அவர்கள் யாரையும் தேடிப் போவதில்லை. கரையில் அமர்ந்து, கால்விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துத் தாமே பொத்துகிறார்கள். வலை பொத்தத் தெரியாதவனைக் கடற்றொழிலாளி என்று ஒருவரும் மதிப்பதில்லை. தொழிலைச் செய்வதும் தொழிற்கருவியைக் காப்பதும் அங்கே ஒன்றுதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபின்தான் இரண்டும் வேறு வேறு என்று நம்மிடம் கற்றுக்கொள்கிறார்கள். கற்பிக்காமலே கற்பித்துவிடும் பாடம் அது.

தடைகள் சிலவற்றுக்கு விடை சொல்ல வேண்டும். எல்லாரும் தாமே கழற்றினால் டயர் கடைக்காரரின் பிழைப்பு என்னாவது என்பர். இதை எனக்குக் கற்பித்த தம்பியிடமே கேட்டேன். "இரவில் ஆட்கள் தெருவில் நின்று அழைப்பது குறைந்தால் நான் நித்திரை கொள்வேன்" என்றார். வேலை அவருக்குக் குறையப் போவதில்லை. டியூப் இல்லாத டயரின் ஓரத்தை ரிம்மில் அமர்த்த வேகமாகக் காற்றைச் செலுத்தும் இயந்திரம் வேண்டும். கால் பம்பால் அது எளிதில் ஆகாது. நெளிந்த ரிம், தளர்ந்த கம்பிகள், அலோய் சில்லு, டிஸ்க் பிறேக் ஆகியனவும் அவரிடமே போக வேண்டியவை. பக்கம் வெடித்த டயரை எவராலும் ஒட்ட முடியாது; எறியத்தான் வேண்டும்.

ஆபத்தல்லவா என்பர். ஆம், கவனமின்றிச் செய்தால் ஆபத்துத்தான். அச்சாணி நட்டு இறுகவில்லையென்றால் உயிர் போகும். ஆதலால் பழகும் காலத்தில் சில்லைப் பூட்டியபின் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுவது கடமை. நட்டைக் காக்கும் சிறு ஊசியை மறக்கலாகாது. டயரின் ஓரத்துக் கோடு ரிம்மைச் சுற்றிச் சமமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறி ஓடுமுன் வண்டியைத் தள்ளிப் பிறேக்கைச் சோதிக்க வேண்டும். இவற்றை எழுதி வைத்துக்கொண்டே நான் செய்கிறேன். எழுத்தறிவு அங்கே எனக்குக் கைகொடுக்கிறது.

பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது, நல்லது. ஆனால் அப்பிரிவில் சேரும் பிள்ளைக்கு மட்டுமன்றி, இலக்கியம் படிக்கும் பிள்ளைக்கும் முள் தைக்கும். எங்கள் கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு சோடி நெம்பும், சில சாவிகளும், பம்பும், கழித்த பழைய சில்லு ஒன்றும் வைத்திருக்கட்டும். தவணைக்கு ஒரு சனிக்கிழமை, வேப்பமர நிழலில், ஊர் டயர் கடைக்காரரை ஆசிரியராக அமர்த்தி, உரிய வேதனமும் கொடுத்து, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கற்பிக்கட்டும். அவரை நாற்காலியில் அமர்த்தித் தேநீர் கொடுக்கும் காட்சியை மாணவர் காண்பதும் பாடத்தின் ஒரு பகுதியே. எத்தனம், சுமை, பொறுதி ஆகிய சொற்களை நான் வந்து சொல்லிக் கொடுப்பேன். வெளியூரிலிருந்து தனியே வந்து போகும் ஆசிரியைகளுக்கு இது மிகவும் உதவும்.

ஏவுதற் கருத்தாவை நான் இழிவாகச் சொல்லவில்லை. அரசனில்லாமல் கோயில் எழாது. ஆனால் ஏவுவதற்கு ஆளில்லாத தெருவில், ஏவுதற் கருத்தா கருத்தாவே அல்லன். அவன் வெறுமனே நிற்பவன். நான் அப்படி நின்றேன்.

அந்தப் பிள்ளை இழந்த நேரத்தை நான் இனித் திருப்பிக் கொடுக்க முடியாது. அவள் அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை. இப்போதெல்லாம் என் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் ஒரு சாக்குச் சுருள் இருக்கிறது. பரீட்சைக் காலத்தில் அதிகாலையில் தெருவுக்கு இறங்கி, எவராவது சில்லைப் பார்த்தபடி நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு போகிறேன். இதுவரை இருவரை வழியனுப்பியிருக்கிறேன். இருவரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.